தெற்கு சூடானுக்கு ஓராண்டு ஐ.நா. பணி: புறப்படும் முன் எதை முடிக்க வேண்டும், போன பின் எதற்குப் பழக வேண்டும்?

புறப்படும்_நாயக் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் காலாட்படையில் 11 ஆண்டுகள் பணி முடித்தவன். எங்கள் பட்டாலியன் தெற்கு சூடானில் உள்ள ஐ.நா. அமைதிப்படைக்குத் தேர்வாகியிருக்கிறது. புறப்பட இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பயிற்சி, ஊசி, உடைமைப் பட்டியல் ஆகியவற்றை யூனிட் பார்த்துக்கொள்கிறது. அவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

வீட்டை விட்டுப் பிரிந்திருப்பதும் எனக்குப் புதிதல்ல. வடக்கே எல்லையில் மூன்று முறை இருந்திருக்கிறேன். ஆனால் என் மனைவி கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "காஷ்மீரில் இருந்தபோது ஏதாவது ஒன்று என்றால் இரண்டு நாளில் வந்துவிடுவீர்கள் என்ற தைரியம் இருந்தது. இப்போது எந்தத் தைரியத்தில் இருப்பது?" என்று கேட்டார். வீட்டில் ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. இப்படிப்பட்ட பணிக்குப் போய் வந்தவர்களும், அவர்களுடைய குடும்பத்தினரும் உண்மையில் எதைச் செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டு வருந்தினார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

நைல்கரை_ஹவில்தார் எழுதியது:

தம்பி, நான் 2022-இல் மலக்காலில் இருந்து திரும்பியவன். முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இடம் புரிந்தால்தான் மற்றவை புரியும்.

மலக்கால் வெள்ளை நைலின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மண் நம் கரிசல் போன்றது. வெயில் காலத்தில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை இறங்கிவிட்டால் காலணியில் ஒட்டிக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் எடை கூடும். ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை மழை. அந்த மாதங்களில் சாலை என்று வரைபடத்தில் இருப்பது பல இடங்களில் தரையில் இருக்காது. ஹெலிகாப்டரும் ஆற்றுப் படகும்தான் வழி. மண் ஓடுதளம் ஈரமாக இருந்தால் விமானமும் இறங்காது. ஆகவே "அடுத்த வாரம் வருகிறது" என்று யாராவது சொன்னால், வரும்போது வரும் என்று எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும். நம்மில் பலருக்கு இதுவே முதல் மாதத்தின் பெரிய எரிச்சலாக இருந்தது.

அடுத்தது பணியின் தன்மை. எல்லையில் நமக்கு எதிரி யார் என்பது தெரியும். அங்கே எதிரி என்று ஒருவர் இல்லை. மோதலில் உள்ள முக்கியத் தரப்புகளின் சம்மதம், எந்தத் தரப்பையும் சாராமை, தற்காப்புக்கும் ஐ.நா. தந்த பணி ஆணையைக் காப்பதற்கும் தவிர ஆயுதத்தைப் பயன்படுத்தாமை ஆகிய மூன்றையும் பயிற்சியில் மனப்பாடமாகச் சொல்ல வைப்பார்கள். கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கும். சாலைத் தடுப்பில் பதினெட்டு வயதுப் பையன் துப்பாக்கியை நம் வண்டியின் பக்கம் திருப்பிக்கொண்டு, மேலதிகாரி வரும்வரை விடமாட்டேன் என்று மூன்று மணி நேரம் நிறுத்தி வைக்கும்போது, கையைக் கட்டிக்கொண்டு பேச்சு வார்த்தையை மட்டுமே நம்பி நிற்பது நாம் கற்ற எல்லாவற்றுக்கும் எதிராகத் தோன்றும். இதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போனால் நல்லது.

ஆபத்தே இல்லை என்று வீட்டில் சொல்லாதீர்கள். 2013 ஏப்ரல் 9 அன்று ஜோங்லே மாநிலத்தில் குமுருக் அருகே வாகனத் தொடருக்குப் பாதுகாப்பாகச் சென்ற நம் வீரர்கள் ஐந்து பேர் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அகோபோ முகாமில் அடைக்கலம் தேடி வந்த மக்களுக்காக நின்ற இருவர் உயிரிழந்தார்கள். இவை செய்தித்தாளில் வந்தவை. உங்கள் மனைவி தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். நீங்கள் மறைத்ததை அவர் தேடிக் கண்டுபிடிப்பதைவிட, நீங்களே சொல்லிவிடுவது மேல்.

ஆனால் ஓராண்டின் பெரும்பகுதி இப்படிப்பட்ட நாட்களாக இருக்காது. ரோந்து, காவல், உபகரணப் பராமரிப்பு, மறுபடியும் காவல். கொள்கலனைப் போன்ற அறை, வேலி, அதற்கு அப்பால் புல். விடுமுறை நாளில் வெளியே போய்வர ஓர் ஊர் இல்லை. ஐந்தாம் மாதத்தில் எனக்கு என்ன கிழமை என்பதே மறந்துபோனது. எங்கள் பட்டாலியனில் கால்நடை மருத்துவக் குழு இருந்தது. அங்குள்ள மக்களுக்கு மாடுதான் செல்வம், சீர், மரியாதை எல்லாம். அந்தக் குழுவுக்குத் துணையாகப் போகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாட்டைப் பிடித்துக் கொடுக்கத் தெரிந்த சிப்பாயை அவர்கள் வேறு கண்ணால் பார்த்தார்கள். நீங்களும் அப்படி ஏதாவது ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். அரபியில் வணக்கமும் நலம் விசாரிப்புமாக இருபது சொற்களைக் கற்றுக்கொண்டு போங்கள். அங்கே பேசும் எளிய ஜூபா அரபி இலக்கணம் பார்க்காது.

ஓய்வுபெற்ற_எழுத்தர் எழுதியது:

நான் யூனிட் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். மூன்று முறை வெளிநாட்டுப் பணிக்குச் சென்றவர்களின் தாள்களைப் பார்த்திருக்கிறேன். நாயக் தம்பிக்கு என் அறிவுரை காகிதம் சம்பந்தப்பட்டது மட்டுமே.

உங்களுக்குப் பின் பணம் பெற வேண்டிய நியமனதாரரின் பெயரை எல்லா இடங்களிலும் சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் பலருக்குக் காப்பீட்டிலோ வருங்கால வைப்பு நிதியிலோ இன்னும் தந்தையின் பெயரே இருக்கும். தந்தை காலமாகியும் மாற்றியிருக்க மாட்டார்கள். இரண்டாவது குழந்தையின் பிறப்பு, குடும்ப விவரங்களைப் படை ஆவணத்தில் ஏற்றும் "பகுதி இரண்டு ஆணை"யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால், ஆவணப்படி அந்தக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை.

சொத்து, வண்டி, வழக்கு போன்ற ஏதாவது நிலுவையில் இருந்தால் மனைவிக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். எதற்காக என்று குறிப்பிட்டு எழுதும் சிறப்பு அதிகாரப் பத்திரமே போதும். எல்லாவற்றையும் ஒருவர் கையில் ஒப்படைக்கும் பொது அதிகாரப் பத்திரத்தை அவசரத்தில் உறவினருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து நீதிமன்றப் படியேறியவர்களை நான் அறிவேன்.

உயில் எழுதச் சொன்னால் வீட்டில் அபசகுனம் என்பார்கள். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 65, 66-ஆம் பிரிவுகள் போர்முனையிலோ படையெடுப்பிலோ இருக்கும் வீரருக்கு வாய்மொழியாகவே உயில் சொல்லும் சலுகையைத் தருகின்றன. அமைதிப்படைப் பணி அதற்குள் அடங்குமா என்று பிற்பாடு வழக்கறிஞர்கள் வாதிடும் நிலையை உண்டாக்காதீர்கள். இரண்டு சாட்சிகளின் கையெழுத்துடன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். பதிவு செய்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை.

இனி, இந்தக் காலத்தின் பெரிய தலைவலிக்கு வருகிறேன். வங்கிக் கணக்கு, எரிவாயு, ஆதார், பள்ளிக் கட்டணம், காப்பீடு என எல்லாம் உங்கள் கைப்பேசி எண்ணில் இணைந்திருக்கும். ஓ.டி.பி. உங்கள் எண்ணுக்கு வரும். நீங்கள் மலக்காலில் இருப்பீர்கள். மனைவி பள்ளிக் கட்டணம் செலுத்தும் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். முன்கட்டண சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் அந்த எண்ணே கைவிட்டுப் போகக்கூடும். வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டால் அதைவிடச் சிக்கல். ஆகவே வீட்டுச் செலவுக்கான கணக்கை "இருவரில் எவரேனும்" என்ற முறையில் கூட்டுக் கணக்காக்கி, அதில் மனைவியின் எண்ணை இணையுங்கள். இதைக் கடைசி வாரத்தில் செய்யாதீர்கள். வங்கியில் ஒரே நாளில் முடியும் வேலை என்று சொல்லி ஐந்து முறை வரச் சொல்வார்கள்.

வீட்டுப்_பொறுப்பாளர் எழுதியது:

என் கணவர் 2019-இல் இதே நாட்டுக்குச் சென்று வந்தார். தம்பி, உங்கள் மனைவி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அதற்குப் பதிலும் இருக்கிறது, ஆனால் அது உங்களிடம் இல்லை, அவரிடம் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது அதற்கு இடம் விடுவது.

என் கதையைச் சொல்கிறேன். போவதற்கு முன் என் கணவர் நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். எந்த மின்பணியாளரைக் கூப்பிட வேண்டும், வண்டியில் எப்போது எண்ணெய் மாற்ற வேண்டும், மாமியாரை எந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று எல்லாம் இருந்தது. அருமையான நோட்டு. ஆனால் "இந்த அளவுக்குள் நீயே முடிவு செய்துகொள்" என்ற ஒரு வரி அதில் இல்லை. அதனால் என்ன ஆயிற்று என்றால், தண்ணீர் மோட்டார் எரிந்துபோன அன்று பழையதைச் சுற்றிப் போடுவதா, புதியது வாங்குவதா என்று கேட்க அவருடைய அழைப்புக்காக இரண்டு நாள் காத்திருந்தேன். அவர் அழைத்தபோது இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. அங்கிருந்து மோட்டாரைப் பார்க்கவும் முடியாது. "நீயே பார்த்துச் செய்" என்றார். இரண்டு நாள் குடத்தில் தண்ணீர் சுமந்தது இந்த மூன்று சொல்லுக்காகவா என்று கோபம் வந்தது.

ஆகவே இப்போதே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை ரூபாய் வரை அவர் யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம்? உங்கள் அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்றால் எந்த மருத்துவமனை, யார் கையெழுத்து? உங்கள் அண்ணனோ மாமாவோ வேறு யோசனை சொன்னால் யாருடைய சொல் முடிவு? இந்தக் கடைசிக் கேள்வியை உங்கள் அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் இருக்கும்போது நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நீங்கள் சொல்லாமல் போனால் உங்கள் மனைவி ஓராண்டு முழுவதும் ஒவ்வொரு முடிவுக்கும் வாதாட வேண்டியிருக்கும்.

தொலைபேசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நேர வேறுபாடு இப்போது மூன்றரை மணி நேரம்; என் கணவர் இருந்தபோது இரண்டரை. அங்கே இரவு 9.30-க்கு அவர் வேலை முடித்து அழைத்தால் இங்கே நள்ளிரவு 12. தினமும் பேச வேண்டும் என்று ஆரம்பித்தோம். இரண்டு மாதத்தில் நான் தூக்கமில்லாமலும், அவர் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமலும் ஆனோம். "சாப்பிட்டாயா" என்பதற்குப் பின் மௌனம். அழைப்பு வராத நாளில் நான் செய்தியைத் திறந்து பார்த்து நடுங்குவேன். பிறகு வாரத்தில் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டோம். மற்ற நாளில் வராததால் பயமும் இல்லை. எங்களைக் காப்பாற்றியது இந்த ஒரு மாற்றம்தான் என்பேன்.

லெபனான்_சிப்பாய் எழுதியது:

அக்கா சொன்ன கடைசிக் கருத்தில் மட்டும் நான் உடன்படவில்லை. நான் தெற்கு லெபனானில், இஸ்ரேலுக்கும் லெபனானுக்கும் இடையே ஐ.நா. வகுத்த நீலக்கோடு என்ற பிரிகோட்டுக்கு அருகில் உள்ள நிலையில் இருந்தேன். தினமும் காலையில் பத்து நிமிடம் என் மகளிடம் பேசினேன். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அவள் பல் துலக்குவதைப் பார்ப்பேன். அது இல்லாமல் அந்த ஓராண்டை நான் கடந்திருக்க மாட்டேன். இரண்டு வயதுக் குழந்தைக்கு வாரத்தில் இரண்டு நாள் வரும் முகம் அப்பா முகமா என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுப்_பொறுப்பாளர் எழுதியது:

சகோதரரே, லெபனானில் கைப்பேசிச் சேவை நன்றாக இருந்ததால் அது உங்களுக்கு முடிந்தது. காலையில் என்பதும் முக்கியம். நான் பட்டது நள்ளிரவு. ஆனால் குழந்தையைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான், அதை நான் எண்ணவில்லை. என் பிள்ளைகள் அப்போது பெரியவர்கள்.

சிக்னல்_பிரிவு எழுதியது:

இந்தச் சிறு விவாதத்தில் தொழில்நுட்பப் பக்கத்தைச் சேர்க்கிறேன். தெற்கு சூடானில் வீரர்கள் வீட்டாருடன் பேசுவதற்கான இணையம் பெரும்பாலும் செயற்கைக்கோள் இணைப்பு. நூற்றுக்கணக்கானோர் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பது போன்றது அது. இரவு உணவுக்குப் பின் எல்லோரும் ஒரே நேரத்தில் காணொளி அழைப்புக்கு வருவார்கள். யாருக்கும் முகம் தெரியாது. விடியற்காலை 5 மணிக்கு எழுந்தால் இங்கே காலை 8.30, குழந்தை பள்ளிக்குப் புறப்படும் நேரம், இணைப்பும் காலியாக இருக்கும். அதுவும் முடியாத நாளில் ஒரு நிமிடக் குரல் பதிவை அனுப்பி வையுங்கள். அது மெதுவாகவாவது போய்ச் சேரும். இரண்டு வயதுப் பிள்ளைக்காக, போவதற்கு முன்பே உங்கள் குரலில் பத்துப் பதினைந்து கதைகளைப் பதிவு செய்து வீட்டுக் கைப்பேசியில் வைத்துவிட்டுப் போங்கள். அதற்கு இணைப்பே தேவையில்லை.

இன்னொன்றை வீட்டில் கட்டாயம் சொல்ல வேண்டும். அசம்பாவிதம் ஏதாவது நடந்தால் முகாமில் தனிப்பட்ட தொடர்புகளை நிறுத்திவிடுவார்கள். பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு முறைப்படி செய்தி சேரும் முன் வேறு வழியில் தெரிந்துவிடக் கூடாது என்பதே காரணம். அந்த நேரத்தில் எல்லா வீட்டுக்கும் அழைப்பு நிற்கும். அழைப்பு நின்றது என்பதற்கு உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். இதைச் சொல்லாமல் போன ஒருவரின் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை.

படம் எடுத்துப் பகிர்வதைப் பற்றி உங்களுக்கு உத்தரவு வரும். வீட்டாருக்கு யாரும் உத்தரவு போடுவதில்லை. அவர் எங்கே இருக்கிறார், எப்போது நகர்கிறார், எப்போது விடுமுறையில் வருகிறார் என்று உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முகாம்_செவிலியர் எழுதியது:

உடல்நலத்தை யூனிட் பார்த்துக்கொள்கிறது என்று நாயக் எழுதியிருந்தார். அங்கே இருக்கும்வரை அது சரி. திரும்பிய பிறகுதான் பலர் தவறு செய்கிறார்கள்.

மலேரியா தடுப்பு மாத்திரை அங்கே தவறாமல் விழுங்க வைக்கப்படும். வாரம் ஒருமுறை எடுக்கும் மெஃப்ளோகுவினாக இருந்தாலும், தினமும் எடுக்கும் டாக்சிசைக்ளினாக இருந்தாலும், அந்நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு நான்கு வாரம் தொடர வேண்டும். கல்லீரலில் இருந்து இரத்தத்துக்கு இறங்கும் கிருமியைத்தான் இந்த மருந்துகள் தாக்கும். கடைசி நாளில் கடித்த கொசுவின் கிருமி இறங்கி வரும்போது உடலில் மருந்து இருக்க வேண்டும் என்பதே இதன் கணக்கு. வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே பரவலாக இருப்பது மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அதே நாளில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மருத்துவரிடம் "ஆப்பிரிக்காவில் இருந்து வந்திருக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் மயக்கத்தில் இருக்கலாம். ஆகவே உங்கள் மனைவிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மெஃப்ளோகுவின் சிலருக்குக் கொடுங்கனவும் பதற்றமும் உண்டாக்கும். முன்பு மனநலச் சிகிச்சையோ வலிப்போ இருந்திருந்தால் மறைக்காமல் மருத்துவ அதிகாரியிடம் சொல்லுங்கள். வேறு மருந்து தருவார்கள். மனச்சோர்வு என்று எண்ணி மாதக்கணக்கில் அடக்கிக்கொண்டிருந்த ஒருவருக்குக் காரணம் மாத்திரையாக இருந்ததை நான் பார்த்தேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளில் இருந்து வாழ்நாள் முழுவதும் செல்லும். 2016-க்குப் பிறகு பத்தாண்டுக் கணக்கு இல்லை. அந்த மஞ்சள் கையேடு தொலைந்தால் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்குப் போக முடியாமல் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படலாம். இதன் ஒளிநகலை வீட்டில் வையுங்கள்.

பார்வையாளர்_மதுரம் எழுதியது:

நான் படையில் இல்லை. என் தம்பி இருக்கிறான். ஐ.நா. பணிக்குப் போனால் மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் டாலராகக் கிடைக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

ஓய்வுபெற்ற_எழுத்தர் எழுதியது:

இந்தக் கேள்வி வந்தது நல்லதுதான். ஐ.நா. ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைத் தருவது உண்மை. 2018 நடுப்பகுதியில் அது 1,428 டாலராக இருந்தது, பிறகு உயர்த்தினார்கள். ஆனால் அது நாட்டு அரசுக்குச் செலவை ஈடுகட்டச் செல்லும் பணம். வீரரின் பைக்குள் வருவதில்லை. வீரருக்கு நம் அரசு தன் விதிப்படி ஊதியமும் வெளிநாட்டுப் படியும் தரும். ஐ.நா. நேரடியாக வீரரின் கையில் தருவது நாளுக்கு 1.28 டாலர் தினப்படியும், ஆறு மாதத்துக்குப் பதினைந்து நாள் வரையிலான ஓய்வு விடுப்புக்கு நாளுக்கு 10.50 டாலரும்தான்.

இதைத் தம்பியின் உறவினர்களுக்கும் சொல்லி வைப்பது நல்லது. டாலர் என்ற சொல் காதில் விழுந்தவுடன் கடன் கேட்டு வருபவர்கள் வருவார்கள். வீரர் ஊரில் இல்லாததால் அவர்கள் மனைவியிடம்தான் கேட்பார்கள். மறுக்கும் சங்கடமும் அவர் தலையில்தான் விழும்.

சோமாலியா_93 எழுதியது:

நான் 1993-இல் நம் 66-ஆவது தனிப் படைப்பிரிவுடன் சோமாலியாவுக்குச் சென்றவன். வெளிப்படையாகச் சொன்னால், உங்கள் நேர வேறுபாட்டுப் பிரச்சினை எங்களுக்குக் கனவு. கடிதம் மட்டுமே எங்களுக்குத் துணை. மூன்று வாரம் ஒன்றும் வராது, பிறகு ஒரே நாளில் ஐந்து வரும், அதுவும் முன்பின்னாக. ஒரு கடிதத்தில் மகனுக்குக் காய்ச்சல் குணமாகிவிட்டது என்றிருக்கும். காய்ச்சல் வந்தது என்ற கடிதம் அடுத்த வாரம் வரும். பிறகு என் மனைவி உறையின் மூலையில் எண் போட ஆரம்பித்தார். 14-க்குப் பிறகு 17 வந்தால், இடையில் இரண்டு எங்கோ இருக்கின்றன என்று தெரிந்துகொள்வேன்.

அதில் ஒரு நன்மை இருந்ததை இப்போதுதான் உணர்கிறேன். கடிதம் எழுத உட்கார்ந்தால் அன்று நடந்ததில் எதை எழுதலாம், எதை விடலாம் என்று யோசிப்போம். கோபத்தில் எழுதியது காலையில் கிழிக்கப்படும். தொலைபேசியில் கிழிக்க முடியாது. நான் பையன்களுக்குச் சொல்வது, வாரம் ஒருமுறையாவது நாலு வரி கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். நான் எழுதிய 61 கடிதங்களையும் என் மனைவி இன்னும் வைத்திருக்கிறார். என்னிடம் கொடுக்க மாட்டார்.

நைல்கரை_ஹவில்தார் எழுதியது:

ஐயா, 93-இல் இருந்தவருக்கு என் வணக்கம்.

ஒரு விஷயத்தை யாரும் எழுதவில்லை, கூச்சத்தால் விட்டிருக்கலாம். அந்நாட்டு மக்களுடன் நடந்துகொள்வதைப் பற்றி ஐ.நா.வின் விதி மிகக் கடுமையானது. பணமோ, உணவோ, வேலையோ கொடுத்துப் பாலுறவு கொள்வது அங்கே தடை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் வயது தெரியாது என்ற சாக்கும் செல்லாது. 2003-இல் வந்த பொதுச்செயலாளரின் அறிவிப்பில் இருந்தே இது இருக்கிறது. பயிற்சியில் இதைப் பற்றிப் பேசும்போது பின்வரிசையில் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலிக்கு வெளியே ஒரு ரொட்டிக்காக நிற்கும் குடும்பங்களைக் கண்ட பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிடும். இரக்கத்தால் நீங்களே தனியாக உணவு கொடுப்பதும் சிக்கலைத்தான் கொண்டுவரும்; மறுநாள் நூறு பேர் நிற்பார்கள், கூட்டத்தில் குழந்தை மிதிபடும். கொடுக்க வேண்டியதை முகாம் வழியாகக் கொடுங்கள். வெறுங்கையோடு அவர்களைக் கடந்துபோவது அந்த ஆண்டில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. இப்போதும் சில முகங்கள் வருகின்றன.

வீட்டுப்_பொறுப்பாளர் எழுதியது:

ஹவில்தார் எழுதியதைப் படித்த பிறகு, திரும்பி வருவதைப் பற்றியும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. புறப்படுவதற்கு எல்லோரும் தயாராகிறோம். வருவதற்கு யாரும் தயாராவதில்லை.

என் கணவர் வந்த முதல் வாரம் விருந்தினர் போல இருந்தார். இரண்டாம் வாரம் அதிகாரி போல ஆனார். பள்ளி வண்டியை ஏன் மாற்றினாய், அம்மாவின் மாத்திரையை இந்த டப்பாவில் ஏன் வைத்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓராண்டு தனியாக நடத்திய வீட்டில் எனக்கு அது விசாரணை போலத் தோன்றியது. அவருக்கோ, தான் இல்லாமலே எல்லாம் நடந்திருக்கிறது என்பது வலித்திருக்கிறது. அதை அவர் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார். தண்ணீர் வீணாவதைப் பார்த்தால் பிள்ளைகளை அதட்டினார். பட்டாசுச் சத்தத்துக்கு எழுந்து நின்றார். கூட்டமான கல்யாண வீட்டில் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்தார்.

நாயக் தம்பி, வந்ததும் முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். எது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு பொறுப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டு விருந்துகளை இரண்டு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். இரண்டு வயதுக் குழந்தை உங்களிடம் வராமல் அம்மா காலைக் கட்டிக்கொண்டால் இழுத்துத் தூக்காதீர்கள். தரையில் உட்காருங்கள், அதுவாக வரும். மூன்று மாதம் கழித்தும் தூக்கமின்மையும் கோபமும் நீடித்தால் படை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். என் கணவர் பார்த்தார். அதனால் அவர் பதவி உயர்வு ஒன்றும் நின்றுவிடவில்லை.

புறப்படும்_நாயக் எழுதியது (நான்கு மாதங்களுக்குப் பிறகு):

எல்லோருக்கும் நன்றி. இதை மலக்காலில் இருந்து எழுதுகிறேன். வந்து ஐந்து வாரம் ஆகிறது. மழை தொடங்கிவிட்டது. கரிசலைப் பற்றி ஹவில்தார் அண்ணன் எழுதியதில் மிகை எதுவும் இல்லை.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன் அம்மா, அண்ணன், மைத்துனர் எல்லோரையும் வரச் சொல்லி, நான் இல்லாதபோது வீட்டில் இறுதி வார்த்தை என் மனைவியுடையது என்று சொன்னேன். அண்ணனுக்கு முகம் சுருங்கியது. அம்மா மட்டும், "இதை உங்கப்பா எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்" என்றார். அவர் எனக்குத் தெரியாத எதையோ நினைத்துக்கொண்டு சொன்னார். செலவு வரம்பைப் பேசி முடிவு செய்தோம். உயிலும் எழுதினேன், மனைவி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

விடியற்காலை அழைப்பு எங்களுக்கு ஒத்துவருகிறது. பெரியவன் பள்ளிச் சீருடையில் ஓடிக்கொண்டே பேசுகிறான். மனைவியுடன் பேச ஞாயிறும் புதனும். சின்னவள் கதைப் பதிவுகளில் மூன்றாவதை மட்டுமே தினமும் கேட்கிறாளாம். அதில் நடுவில் நான் இருமுவேன், அந்த இடம் வந்ததும் அவளும் இருமுகிறாளாம்.

ஒன்று மட்டும் தவறிவிட்டது. எல்லாக் கணக்கிலும் எண்ணை மாற்றிவிட்டேன் என்று நினைத்தேன், ஆனால் மகன் பெயரில் உள்ள தொடர் வைப்புக் கணக்கு பழைய எண்ணிலேயே இருக்கிறது. சென்ற வாரம் ஓ.டி.பி. என் கைப்பேசிக்கு வந்தது. அதை நான் பார்த்தபோது அது காலாவதியாகி நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. எழுத்தர் ஐயா, வங்கிக்கு நேரில் போகாமல் இந்த எண்ணை மாற்ற ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் விடுப்பில் வரும்வரை அது அப்படியே இருக்கட்டும்.